க்ளைவின் பூட்டு

பெரிய ரம்பத்தின் மெயின் சுவிட்சில் க்ளைவின் பூட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆள் போய் ஒரு வாரம் ஆகிறது.

போன வெள்ளிக்கிழமை ரம்பத்துக்கு அடியிலிருக்கும் குழியில் இறங்கி மரத்தூளை வாரிக் கொட்டினான். யாரும் தெரியாமல் மெஷினை ஓட்டிவிடாதபடி சுவிட்சைப் பூட்டிவிட்டுத்தான் இறங்கினான். மேலே ஏறியதும் பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

சாப்பிட உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான். நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பூட்டை மறக்கிறவன் மறுநாள் எல்லாருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும், அது இந்த மர மில்லில் எழுதாத சட்டம். இத்தனை வருஷத்தில் க்ளைவ் ஒரு தடவைகூடப் பூட்டை மறந்ததும் இல்லை, பீர் வாங்கித் தந்ததும் இல்லை. நேற்று அடக்கத்தின்போது, கூட வேலை பார்க்கும் டகி அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கப் பார்த்தான். பாதியிலேயே அழுதுவிட்டான்.

இன்று ரம்பம் ஓடியாக வேண்டும். முற்றத்தில் மரம் மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஹோபார்ட்டிலிருந்து லாரி வந்து நிற்கிறது. முதலாளி காலையிலிருந்து ஆபீஸ் ஜன்னலை விட்டு நகரவில்லை.

பூட்டை வெட்டுகிற வேலை ஃபோர்மேன் ரோவனின் தலையில் விழுந்தது. மாட்டியவன்தான் கழற்ற வேண்டும், அடுத்தவன் கை படக்கூடாது என்று வருஷம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துகிறவன் அவன்தான்.

சாவி கேட்டு க்ளைவின் மனைவி ஜோனுக்குப் போன் பண்ணியிருந்தான். கொத்தில் அந்தச் சாவி மட்டும் இல்லை என்றாள். வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். 

ரோவன் கட்டரின் வாயைப் பூட்டின் கம்பியில் வைத்தான். யாருடைய பூட்டு என்று தெரிவதற்காக அதில் ஒட்டியிருந்த படத்தில் க்ளைவ் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். படம் எடுக்கும்போது சிரிக்காதே என்று சொன்னால் கேட்டால்தானே.

கட்டரை எடுத்துப் பக்கத்தில் நின்ற டகியிடம் நீட்டினான்.

"இதப் பிடி. குழியில பாத்துட்டு வந்துடறேன்."

"அவனத்தான் நேத்து தூக்கிட்டுப் போய்ப் பொதைச்சுட்டு வந்தோமே, அங்க யாருடா இருக்கப் போறா? வெட்டித் தொலை, என்னால இதப் பாத்துக்கிட்டு நிக்க முடியல!"

டகி சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒருத்தனுடைய பூட்டை வெட்டுவதற்கு முன்னால் மெஷினைச் சுற்றிப் பார்க்க வேண்டும், குழிக்குள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அதுதான் முறை. பார்க்காமல் வெட்டினால் க்ளைவ் செத்தும் விட மாட்டான், கனவில் வந்து திட்டுவான்.

குழி மெஷினுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ரோவன் விளிம்பில் குனிந்தான். உள்ளே ஒரே இருட்டு, ஈர மரத்தூள் வாசனை.

"க்ளைவ்."

 முந்தின நாள் புதைத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கொடுமை எதிரிக்குக்கூட வரக்கூடாது. ஆனாலும் மறுபடி கூப்பிட்டான்.

"க்ளைவ், உள்ள இருக்கியாடா?"

"நான்தான் இருக்கேன்."

அதே குரல். டகியின் கையிலிருந்து கட்டர் விழுந்தது. 

கண் இருட்டுக்குப் பழகியபோது ஆள் தெரிந்தது. நெவில். க்ளைவின் தம்பி, இதே மில்லில்தான் அவனுக்கும் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே குரல், போனில் ஜோனே ஏமாந்திருக்கிறாள். அவன் அண்ணி வீட்டில் துணைக்கு இருக்கிறான் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ரம்பத்தின் பல்லுக்குக் கீழே, மரத்தூளில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு சின்னச் சாவி.

"கழட்டத்தான் விடியறதுக்கு முன்னாடியே வந்தேன் ரோவன். மனசு வரல. கடைசியா அவன் வேல பாத்த எடத்துல செத்த நேரம் உக்காரலாம்னு எறங்கினேன்."

ரோவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்டியிருந்தால் அடுத்த நிமிஷம் பச்சைப் பொத்தானை அமுக்கியிருப்பான். அண்ணனைப் புதைத்த மண் காய்வதற்குள் தம்பிக்கும் குழி வெட்டியிருப்பார்கள். பயம் போன வேகத்தில் கோபம் வந்தது. எறும்பு இறங்கினாலும் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது இந்த மில்லில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாட்டாமல் இறங்கினால் வேலை அன்றோடு போச்சு.

"உன் பூட்டு எங்கடா? உயிர் போயிருக்குமேடா! ஜோன் மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?"

நெவில் நிமிர்ந்து பார்த்தான். எதற்காகத் திட்டு வாங்குகிறோம் என்றே அவனுக்குப் புரியவில்லை.

"அண்ணன் பூட்டு தொங்குதே."

 ஆபீஸ் ஜன்னலிலிருந்து முதலாளி ரம்பத்தை ஓட்டச் சொல்லிக் கையை ஆட்டினார். ரோவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சுவிட்சுக்குப் போய், இடுப்பிலிருந்த தன் பூட்டை எடுத்து க்ளைவின் பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினான். பிறகு குழிக்குள் இறங்கி, மரத்தூளில் நெவிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.