இருபத்துநாலுக்கு இருபத்தைந்து

எங்கள் குழந்தைகள் காப்பகத்துக்குக் காலையில் வந்தவர்களையும் மாலையில் வீட்டுக்குப் போனவர்களையும் எண்ணி எக்செல் ஷீட்டில் ஏற்றுவேன். விகிதம் 1:1 என்று காட்டினால்தான் கதவைப் பூட்டுவேன். அதில் நான் கறார்.

இன்று 24:25 என்று காட்டியது. ஃபார்முலாவைச் சரிபார்த்தேன். பிசகில்லை.

"ஆயாம்மா, காலையில எத்தனை பேரு வந்தாங்க?"

"இருபத்துநாலுதான் மேடம். நானே தலையை எண்ணினேன்."

கூட்டிப்போனவர்கள் போட்ட கையெழுத்துகளைப் பார்த்தேன். இருபத்தைந்தாவது என் கணவருடையது. கல்யாணமாகி ஒன்பது வருடமாகிறது, எங்களுக்குக் குழந்தை இல்லை.

போன் செய்தேன். "என்னங்க, நீங்க இங்க வந்தீங்களா?"

"நீதானே கூட்டிட்டுப் போகச் சொன்னே? மெதுவா பேசு, இப்பதான் தூங்கினான்."