தாய் இலை

ஜெனோவாவின் அடக்கத்தன்று, அவள் வீட்டு ஜன்னலோரம் இருந்த ஆப்பிரிக்கன் வயலட் செடியிலிருந்து ஓர் இலையைப் பக்கத்து வீட்டுத் தனசீலி யாருக்கும் தெரியாமல் கிள்ளிக் கைக்குட்டைக்குள் சுருட்டிக்கொண்டாள். உயிரோடு இருந்தவரை எத்தனை முறை கேட்டும் ஜெனோவா கொடுக்காத இலை. வீட்டில் ஈர மண்ணில் நட்டுவைத்தாள். வேர் பிடித்து, காம்பின் அடியில் குட்டிச் செடிகள் முளைத்தன. குட்டிகள் தேறிவிட்டால் தாய் இலை தேவையில்லை. அதை அவள் வெட்டி எடுத்த நேரம் பார்த்து, ஜெனோவாவின் புருஷன் சூசை உள்ளே வந்தார்.

"அவ செடி அழுகிப்போச்சு தங்கச்சி. வாடிரக் கூடாதுன்னு தினமும் தலையோட தண்ணி ஊத்தினேன். அவ கை பட்டதுன்னு இனி ஒண்ணுமில்ல."

அடக்கத்தன்றே அவர் இலைமேல் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்தவள்தான் தனசீலி; இலை நனைந்தால் அந்தச் செடி அழுகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இலையைக் கிள்ளிய கையோடு நின்றதால் அவரை எச்சரிக்கவில்லை.

இப்போது குட்டிகள் இருந்த தொட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு, வெட்டிய இலையை நீட்டினாள். "ஜெனோவா எனக்குக் கொடுத்தது அண்ணே. நீங்களே வச்சுக்குங்க."

சூசை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

"கொடுத்தாளா? யாருக்கும் கொடுக்க மாட்டாளே."

இலையைத் திருப்பிக் காம்பின் நுனியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்பதான் வெட்டின மாதிரி ஈரமா இருக்கு, தங்கச்சி."