வண்ணம் தீட்டாத வரைபடம்

கண்காட்சிப் பரிசளிப்பு முடிந்த பள்ளி மண்டபத்தில் பிள்ளைகள் கோப்பைகளோடு படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எரிமலை மாதிரி, கணக்குக் கோபுரம், கவிதைச் சுவர் என எல்லாவற்றின் மேலும் சாயங்கால வெயில் தாராளமாக விழுகிறது. கடைசி மேசையில் சீந்துவாரின்றிக் கிடக்கும் வரைபடத்தின் முன், வேலை முடிந்து தாமதமாக வந்த ஒரு தாய் நிற்கிறாள். கண் தெரியாதவள். அதைச் செய்த மகள் அவள் கையைப் பிடித்து அட்டையின் மேல் வைக்கிறாள். களிமண் மலையில் ஏறிய விரல்கள், ஒட்டியிருக்கும் நூலைப் பிடித்துக்கொண்டு இறங்குகின்றன. "அம்மாடி, இது ஆறுதானே? எவ்வளவு தூரம்டி போகுது!" "மெதுவாம்மா, கடல்ல விழுந்துடாத." தாய் குலுங்கிச் சிரிக்கிறாள். இரண்டடி தள்ளி நிற்கும் புவியியல் டீச்சர் அந்த விரல்களையே பார்க்கிறாள். 'மலைக்குப் பழுப்பு இல்லை, ஆற்றுக்கு நீலம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதி அதை ஒதுக்கியவள் அவள்தான். ஏன் இப்படிச் செய்தாய் என்று பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். "டீச்சர் என்னடி எழுதியிருக்காங்க?" என்கிறாள் தாய். சிறுமி சிவப்பு எழுத்தைப் பார்க்கிறாள், டீச்சரையும் பார்க்கிறாள். "ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்கம்மா." தாயின் முகம் மலர்ந்துபோகிறது. "கடவுளே, அந்த மகராசி நல்லா இருக்கணும்." வைதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். டீச்சர் குனிந்த தலையை நிமிர்த்தவேயில்லை.