ஒடென்சேயிலிருந்து இரண்டு பேர்

"அவங்கள் ரெண்டு பேரும் வந்தா இந்தமுறை கப் எங்களுக்குத்தான்," என்று சொல்லிக்கொண்டே சூசைதாசன் முழங்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான்.

கோப்பன்ஹேகனிலிருந்து வெகு தொலைவில், பிராண்டே என்ற சின்ன ஊரின் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபம். அதன் உடைமாற்றும் அறை. ஞாயிறு மத்தியானம். வெளியே பனி கொட்டி, உருகி, திரும்பவும் கல்லாய் இறுகிக் கிடந்தது.

சுவரோரப் பலகை வாங்கில் நாலு பேர் இருந்தார்கள். கரப்பந்துக்கு ஆறு பேர் வேண்டும்.

கோடையில் இறுதியாட்டம் வரைக்கும் போய்த் தோற்ற அணி. அதற்குப் பிறகு ஒருவன் லண்டனுக்குப் போய்விட்டான், இன்னொருவன் ஜெர்மனிக்கு. மிச்சம் இந்த நாலும்தான்.

அணித்தலைவன் பாலேந்திரா விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னான். ஒடென்சே நகரில் நம்மவர் இரண்டு பேர் அணி இல்லாமல் நிற்கிறார்கள். வலைக்கு மேலே எழும்பி அடிக்கிறவர்கள். வரத் தயார். ஆனால் இரண்டு வருஷத்துக்கு அந்த இடம் தங்களுக்கே என்று வாக்குத் தர வேண்டும். பாதியில் வேறு ஆளைக் கொண்டுவந்து தங்களை வாங்கில் இருத்தக்கூடாது. பதில் இன்றைக்கே வேண்டுமாம்.

அந்த இரண்டும் ஏற்கெனவே பேசி வைத்த இடங்கள். ஒன்று அழகரத்தினத்தின் மகன் சாந்தரூபனுக்கு. மற்றது பாலேந்திராவின் சொந்த மகன் துவாரகனுக்கு.

"பொடியள் வரட்டும்," என்றார் அழகரத்தினம். நால்வரில் அவர்தான் மூத்தவர். "ஒரு வருஷம் போட்டிக்குப் போகாட்டில் செத்தா போவம்? இளம் பிள்ளையளை வச்சுக் கட்டினா பத்து வருஷத்துக்கு அணி நிக்கும்."

"அணி நிக்கும் அண்ணை. நீங்கள் நிப்பியளோ?" என்றான் சூசைதாசன்.

வாய் நிறையப் பாண் துண்டை வைத்திருந்த தேவசகாயத்துக்குச் சிரிப்பில் புரையேறியது.

பகிடிதான், ஆனால் பொய்யில்லை. இறைச்சி ஆலையில் பன்றித் தொடைகளைத் தூக்கிக் கொக்கியில் கொழுவிக் கொழுவி அழகரத்தினத்தின் வலது தோள் போய்விட்டது. பந்தை இப்போது தட்டத்தான் முடிகிறது, அடிக்க முடிவதில்லை.

பாலேந்திராவும் அதே ஆலைதான். குளிர் அறையின் ஈரச் சீமெந்தில் நின்று நின்று அவன் முழங்கால்கள் தேய்ந்திருந்தன. இன்னும் ஒரு கோடை தாங்கும். அதற்கு மேல் தாங்காது. தாங்கும் என்று நடிக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

கிழமை முழுக்க எலும்போடும் கத்தியோடும் போகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தும் கோடையில் ஒரு போட்டியும் இல்லையென்றால், கட்டிலும் சுவரும்தான் மிச்சம்.

"ஒடென்சேக்காரரை எடுப்பம்," என்றான் பாலேந்திரா. "என்ர மகன்ர இடத்தை நான் விடுறன்."

"உன்ர பிள்ளை, நீ விடுவாய். என்ர பிள்ளையின்ர இடத்தை விட நீ ஆர்?"

"சாந்தரூபன் நல்லா அடிப்பான், ஆர் இல்லையெண்டது? அணி இப்ப வேணும் அண்ணை. இப்ப."

சூசைதாசன் பாலேந்திராவின் பக்கம். தேவசகாயம் தோளைக் குலுக்கி, தலைவர் சொல்வதுதான் என்றான். விஷயம் முடிந்துவிட்டது.

அழகரத்தினம் சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். கட்டினார், அவிழ்த்தார், திரும்பவும் கட்டினார்.

சூசைதாசனுக்கு மனம் கேட்கவில்லை. அவன் கலியாணம் கட்டாதவன், பிள்ளைகளின் கதை அவனுக்கு அவ்வளவாகப் பிடிபடாது.

"கோவியாதேங்கோ அண்ணை. சைக்கிள் கடைக்காரர் எட்டு ஜேர்சி சும்மா தாறாராம். பொடியளுக்கும் எடுப்பம். நாளைக்கு அளவு குடுக்கவேணும். சொல்லுங்கோ, சாந்தரூபன் என்ன உயரம்?"

அழகரத்தினம் எழும்பி நின்றார். கையை விரித்துத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்தார். யோசித்து, தோளுக்கு உயர்த்தினார். பிறகு காதுக்கு.

அந்தக் கை அங்கேயும் நிற்கவில்லை. மெல்ல இறங்கிச் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

"துவாரகன்?" என்று சூசைதாசன் பாலேந்திராவைக் கேட்டான்.

பாலேந்திராவின் கண்ணுக்குள் நின்றது ஊரில், மருதனார்மடத்து பஸ் தரிப்பில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அது நாலு வருஷத்துக்கு முதல். அதற்குள் குரலும் உடைந்திருக்கும். எந்தக் குரலில் பேசுகிறான் என்றுகூடத் தகப்பனுக்குத் தெரியாது.

மனைவியையும் பிள்ளைகளையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட அனுமதி கேட்டு இரண்டு தகப்பன்மாரும் காத்திருக்கிற மூன்றாவது பனிக்காலம் இது. மனுவை வாங்கிய போலீசில் போய் நின்றால் 'பொறு' என்கிறார்கள். கோப்பன்ஹேகன் அலுவலகத்தில் ஏன் ஒன்றும் அசையவில்லை என்று கேட்டால் அதற்கும் 'பொறு' தான்.

வைகாசியில் சாந்தரூபனுக்குப் பதினெட்டு. பதினெட்டு முடிந்துவிட்டால் இந்த நாட்டுச் சட்டத்துக்கு அவன் பிள்ளையில்லை. பிறகு கூப்பிட முடியாது.

கொஞ்சம் முதல் இதே வாங்கில் வைத்து அழகரத்தினத்திடம் தான் எதை விடச் சொன்னோம் என்பது பாலேந்திராவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பெரிசாவே போடச் சொல்லு. ரெண்டு பேருக்கும்," என்றான்.

எழும்பி, அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் இருந்த காசுபோடும் டெலிபோனுக்குப் போனான். கதவைச் சாத்தவில்லை. ஒடென்சே இலக்கத்தைச் சுழற்றுகிற சத்தம் உள்ளே கேட்டது.

"ஓம் தம்பி, பாலேந்திரா கதைக்கிறன். குறை நினையாதேங்கோ, இடமில்லை. இல்லை, இல்லை, எங்களிட்ட ஆறு பேரும் இருக்கினம்."