நீட்டிய கை

மத்தியான வெயில் கண்ணாடி வழியாகப் பனித்தளத்தில் சாய்ந்து கிடக்கிறது. பனிமேல் கல்லைச் சறுக்கி எதிர்க்கோடி வட்டத்தில் நிறுத்தும் கர்லிங்கை ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்து அணிக்கு ஆடிய உர்சினா, இன்று எங்கள் ஊர் அணிக்காகக் கடைசிக் கல்லைத் தள்ளக் குனிகிறாள். அது வட்டத்தின் நடுவில் நின்றால் ஜெயிப்பது நாங்கள்தான். அவள் வலது முட்டி மடங்காமல் பாதியில் நின்றுவிடுகிறது. நிமிர்ந்து, கையுறையைக் கழற்றிக் கை நீட்டுகிறாள். எங்கள் ஆட்டத்தில் அப்படி நீட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கையில் கல் இருக்கும்போது அவள் நீட்டி யாரும் பார்த்ததில்லை. கல் ஓடும் வழியில் பனியைத் தேய்த்துவிடத் துடைப்பத்தோடு நிற்கும் நாங்கள் தரையைப் பார்க்கிறோம். எதிரணித் தலைவி ப்ரிஸ்கா, அவளோடு நாட்டுக்காக ஆடியவள், கை கொடுக்காமல் சுவர்ப் பக்கம் போகிறாள். குனிய முடியாதவர்கள் நின்றபடியே கல்லைத் தள்ளும் கோல் அங்கே மாட்டியிருக்கிறது; எடுத்து வருகிறாள். “அது கிழவிங்க குச்சிடி,” என்கிறாள் உர்சினா. “நீ என்ன குமரியா? ஓசில ஜெயிக்க எனக்கு இஷ்டமில்ல.” நீட்டிய கை அப்படியே நிற்கிறது. ப்ரிஸ்கா அதில் கோலை வைக்கிறாள். விரல்கள் மெல்ல மூடுகின்றன. அடுத்த நொடி, கூடமே அதிர உர்சினாவின் பழைய குரல் எங்கள்மேல் பாய்கிறது: “என்னடி வேடிக்கை? தேய்க்க வாங்க!”