கப்பலுக்கு ஒரே ஒரு கை

அலாஸ்காவில் எங்கள் தீவுக்குச் சாலை கிடையாது. வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்த அரசுக் கப்பலும் இந்தக் குளிர்காலத்தில் நின்றுவிட்டது. அதை நிறுத்த ஓட்டுப் போட்ட சட்டமன்ற உறுப்பினர் ஹால்வர்சன், விளக்கம் சொல்லக் குட்டி விமானத்தில் வந்து இறங்கினார். பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் ஊரே அவரைக் கடித்துக் குதறக் காத்திருந்தது.

"நம்ம மாநிலமே கச்சா எண்ணெய் வருமானத்துலதான் ஓடுது. எண்ணெய் விலை விழுந்துடுச்சு. கஜானா காலி," என்றார்.

"விழுந்தது எண்ணெய், மூழ்கறது எங்க கப்பலா?" என்றாள் சாப்பாட்டுக் கடை நடத்தும் மாவிஸ். "நாங்க மனுஷங்களா, கடல்நாயா? ஆஸ்பத்திரிக்கு நீந்தியே போகணுமா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றார் பின்வரிசை மீனவர் ஒருவர். அதற்கும் கைதட்டல்.

ஹால்வர்சன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒரு வழி இருக்கு. எண்ணெய்ப் பணத்துல வருஷா வருஷம் உங்களுக்கு ஆளுக்கொரு செக் வருதே, அதுல பாதியை விட்டுக்கொடுங்க. கப்பலை ஓட வைக்கறது என் பொறுப்பு. சம்மதம்னா கை தூக்குங்க."

தட்டிய கைகளெல்லாம் கோட்டுப் பைக்குள் போய்விட்டன.

கடைசியில் ஒரு கை மட்டும் உயர்ந்தது. மாவிஸின் கை.

ஹால்வர்சன் முகம் மலர்ந்தது. "நீங்களாவது முன்வந்தீங்களே."

"அதுக்கில்ல," என்றாள் மாவிஸ். "அந்தச் செக்கை நம்பிப் பெரிய டிவி ஒண்ணு வாங்கிட்டேன். தலைநகர் ஜூனோவுல, கப்பல் கிடங்குல கிடக்கு. கப்பல் எப்ப வரும்?"