அஸ்மாராவில் இறங்கியவர்கள்

மாலை வெயில் தேசியக் கால்பந்து அணியின் பேருந்துக் கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. வெள்ளைத் துணியை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு தெருமுனையில் நிற்கிறாள் லெத்தபிரஹான். வெளிநாட்டில் ஆட்டம் முடிந்த கையோடு பெரும்பாலான ஆட்டக்காரர்கள் விடுதியிலிருந்து ஓடிவிட்டார்களாம். இந்த அணிக்கு இது புதிதும் இல்லை. நாடு திரும்பினால் அரசாங்கம் கட்டாயமாகப் பிடித்துப் போடும், முடிவே இல்லாத பட்டாளத்து வேலைதானே. அவள் மகன் மெர்ஹாவி கோல்கீப்பர். அவன் இறங்கிவிடக் கூடாதே என்று வாய்க்குள் மாதா மரியமைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். “என்னக்கா, வந்துடுவானோன்னு பயமா? உன் புள்ள கையில பந்தே நிக்காது, அவனை எந்த ஊர்க்காரன் வச்சுக்கப் போறான்!” என்று கிண்டுகிறாள் பக்கத்து வீட்டு அப்ரெஹத். பேருந்துக் கதவு திறக்கிறது. பயிற்சியாளர் இறங்குகிறார், முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் ஒருவன், அவனுக்குப் பின்னால் இன்னொருவன், அப்புறம் யாரையும் காணோம். அப்பாடா என்று மூச்சு விடுகிறாள். அந்த மூச்சு முடிவதற்குள், கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெர்ஹாவி படியில் கால் வைக்கிறான். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்குகிறாள். “எதுக்குடா வந்த? பாவி, எதுக்குடா வந்த?” அவன் குனிந்து அவள் காதருகே சொல்கிறான்: “நான் வரலேன்னா உன்னைத்தானே பிடிச்சு ஜெயில்ல வச்சிருப்பாங்க, அம்மா.”